தாழ்ப்பாள் இல்லாத கடற்கரை

எங்கள் வீட்டில் கடற்கரையைத் தேர்ந்தெடுப்பது ஆண்களின் வேலை. அப்படி யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. மளிகை நான், மாவு நான், மகளின் பரீட்சை நான், கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வதும் நான். ஆனால் மே மாத விடுமுறைக்கு எந்தக் கடலுக்குப் போவது என்ற பேச்சு வந்துவிட்டால் போதும், என் கணவரும் அவருடைய அண்ணனும் மாடிப்படியில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்துவிடுவார்கள். அந்த இரண்டு முகத்திலும் அப்போது ஒரு பொறுப்பு வரும் பாருங்கள், வருஷம் முழுக்க வராத பொறுப்பு.

சேலையூரில் எங்களுடையது மாடி வீடு. கீழே நானும் கணவரும் பன்னிரண்டு வயது மகளும். மேலே கணவரின் அண்ணன், அவரை நான் அத்தான் என்பேன். அவருடைய மனைவி எனக்கு அக்கா. கூடப் பிறந்த அக்கா இருந்திருந்தால்கூட இவ்வளவு ஒட்டியிருப்பேனா என்று தெரியாது. எனக்குக் காய்ச்சல் என்றால் மாடியிலிருந்து ரசம் இறங்கி வரும். அவருக்கு ஆபீஸில் ஏதாவது பிரச்சினை என்றால் என் சமையலறைக்கு வந்து, கேட்பவருக்கும் சேர்த்துத் தானே திட்டித் தீர்த்துவிட்டுப் போவார்.

கடல் எங்களுக்குத் தூரமே இல்லை. அதனால்தான் இத்தனை பஞ்சாயத்து. பெசன்ட் நகர் என்றால் காரை நிறுத்த இடமில்லை. திருவான்மியூர் என்றால் சர்ச் ஆட்கள் நடைப்பயிற்சிக்கு வருவார்கள், அவர்கள் முன்னால் அரை டிரவுசரோடு நிற்க அத்தானுக்குக் கூச்சம், அவர் சபைக் கமிட்டியில் இருப்பவர். நீலாங்கரையில் கடலுக்குப் போகிற சந்துகளையெல்லாம் பங்களாக்காரர்கள் கேட் போட்டு மறித்திருக்கிறார்கள். கோவளத்தில் கூட்டம். மாமல்லபுரம் சலித்துவிட்டது. பாண்டிச்சேரி என்று என் கணவர் ஒவ்வொரு வருஷமும் ஒரு முறை சொல்லுவார், எதற்கென்று ஊருக்கே தெரியும். அத்தான் இருமுவார், அதோடு அது முடியும்.

நான் கேட்பது ஒரே ஒரு விஷயம். அங்கே பெண்கள் போக டாய்லெட் இருக்கிறதா, அதற்குக் கதவு இருக்கிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா? அவ்வளவுதான். நான் ஒரு பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போவதற்கு முன் போன் பண்ணி முதலில் கேட்பது இதைத்தான். சரியான பதில் வரவில்லை என்றால் பஸ் கிளம்பாது. நாற்பது பிள்ளைகளுக்காக ஊர் பேர் தெரியாத ஒரு மேனேஜரிடம் கூச்சமில்லாமல் கேட்கிற நான், என் வீட்டில் இதைக் கேட்டால் மட்டும் ஏதோ அசிங்கமாகப் பேசிவிட்ட மாதிரி இரண்டு பேரும் போனைப் பார்ப்பார்கள்.

இந்த வருஷம் கேட்பதற்குக் காரணம் வேறு இருந்தது. அக்காவுக்குச் சிறுநீரகத்தில் கல்.

அக்கா பாரிமுனையில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிறார். காலையில் தாம்பரத்தில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறினால் பீச் ஸ்டேஷனில் இறக்கம். டிரெயினில் டாய்லெட் கிடையாது. ஆபீஸில் பெண்களுக்கென்று இருக்கிற ஒன்றின் தண்ணீர்க் குழாய் எந்தக் காலத்திலோ போய்விட்டது. அதனால் அக்கா வீட்டைவிட்டுக் கிளம்பும்போது ஒரு வாய் காபி, அதற்குப் பிறகு சாயங்காலம் வீடு வந்துதான் தண்ணீர். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். பிப்ரவரியில் ஒரு நாள் வலி தாங்காமல் மாடிப்படியிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஸ்கேன் பார்த்துவிட்டுச் சொன்னார், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது, இன்னொரு தடவை கிருமித் தொற்று ஏறினால் சிறுநீரகத்துக்கே ஆபத்து என்று. அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தலையைக்கூட ஆட்டினார்.

ஏப்ரல் கடைசியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அத்தான் ஒரு வீடியோ அனுப்பினார். மாமல்லபுரம் தாண்டி ஒரு கடற்கரை. சவுக்குத்தோப்பு, அதைத் தாண்டினால் வெள்ளை மணல், ஆள் அரவமே இல்லை. பின்னணியில் ஒருவன் கத்திக்கொண்டிருந்தான், யாருக்குமே தெரியாத கடற்கரையாம். யாருக்கும் தெரியாததை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

"சூப்பர்ண்ணா, இதான் இந்த வருஷம்," என்று கணவர் போட்டார்.

"டாய்லெட் இருக்கா?" என்று நான் போட்டேன்.

 அத்தானிடமிருந்து பதில் வந்தது: "அவ்ளோ பெரிய கடல் இருக்கேம்மா!" கூடவே விழுந்து விழுந்து சிரிக்கும் மூன்று பொம்மை முகங்கள். என் கணவர் அதற்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கிப் போட்டார். எனக்கு உச்சந்தலையில் பற்றிக்கொண்டு வந்தது. போனை அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நேராகக் கூடத்துக்குப் போனேன்.

"அக்காவுக்கு டாக்டர் என்ன சொன்னார்னு ஞாபகம் இருக்கா உங்க ரெண்டு பேருக்கும்?"

"இருக்கு, இருக்கு. வழியில ஹோட்டல் நிறைய இருக்கு, போய்க்கலாம். நீ ஏன் சும்மா எல்லாத்துக்கும் டென்ஷன் ஆகுற?" என்றார் கணவர், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த 'போய்க்கலாம்' இருக்கிறதே, இந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் ஆணாகத்தான் இருப்பான். எங்கே போவது, எப்படிப் போவது, போனால் உள்ளே என்ன இருக்கும் என்று ஒரு நாளும் யோசிக்க வேண்டியில்லாதவன்.

அக்காவிடம் மாடியில் போய்ச் சொன்னேன், "நாம வரலைன்னு சொல்லிடுவோம்க்கா." அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தார். "விடும்மா. வருஷத்துக்கு ஒரு தடவை. உன் பொண்ணு எவ்ளோ ஆசையா இருக்கா, பாவம். நான் பாத்துக்கறேன்," என்றார். பாத்துக்கறேன் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். எந்தப் பெண்ணுக்கும் தெரியும். முந்தின நாள் ராத்திரியே தண்ணீரை நிறுத்திவிடுவது. தேர்தல் வேலைக்குப் போகும்போது எங்கள் டீச்சர்கள் எல்லாரும் செய்வது இதுதான். கல்யாணத்துக்குப் பஸ்ஸில் போகும்போது, துக்கத்துக்குப் போகும்போது, எதற்குப் போனாலும் இதுதான். யாரும் யாருக்கும் சொல்லித்தருவதில்லை.

கிளம்புகிற காலையில் அத்தான் காருக்குப் பக்கத்தில் எல்லாரையும் நிறுத்தி ஜெபம் பண்ணினார். பிரயாணத்துக்காக, பாதுகாப்புக்காக, நல்ல வெயிலுக்காக, நாலு டயருக்காகவும் ஜெபித்தார். எல்லாவற்றுக்கும் ஆமென் சொன்னேன். கூடவே எனக்குத் தெரிந்த ஒன்றையும் மனதுக்குள் சேர்த்துக் கேட்டேன்.

வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் போகிற வழியில் ஒரு ஹோட்டலில் நிறுத்தினோம். இட்லி நன்றாக இருந்தது. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பெண்கள் என்று எழுதிய கதவுக்குள் அரிசி மூட்டையும் காலி எண்ணெய் டின்களும். "லேடீஸ் யூஸ் பண்றதில்லக்கா, அதான் சாமான் போட்டுட்டோம்," என்றான் மேஜை துடைப்பவன். ஆண்கள் பக்கம் திறந்திருந்தது. என் கணவரும் அத்தானும் போய்விட்டு ஈரக்கையை உதறிக்கொண்டு வந்தார்கள். "அடுத்த ஹோட்டல்ல பாத்துக்கலாம்," என்றார் கணவர். அடுத்த ஹோட்டலில் ஒன்று இருந்தது, உள்ளே கால் வைக்க முடியவில்லை. அதற்கும் அடுத்ததில் நிறுத்தச் சொன்னபோது, "லேடீஸைக் கூட்டிட்டு வந்தா இதான். பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப்," என்று அத்தான் சிரித்தார். கார் நிற்கவில்லை.

காரில் தண்ணீர் பாட்டில் பெட்டி பெட்டியாக இருந்தது. அதில் குறை சொல்ல முடியாது. ஒன்றைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன்.

"ரெண்டு மடக்காவது குடிங்கக்கா."

"வேணாம்மா. குடிச்சிட்டு எங்க போறது?" என்று பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வெயில் கண்ணாடி வழியாக அவர் முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது. உதடு காய்ந்துபோயிருந்தது.

கடற்கரை அழகாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். தண்ணீர் பச்சையும் நீலமுமாகப் பளபளத்தது. என் மகள் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். ஆனால் வீடியோவில் ஆளே இல்லாத அந்த இடத்தில் அன்றைக்குத் திருவிழா. ஒரு ஐம்பது பைக் நின்றிருக்கும். சவுக்குத்தோப்பு முழுக்கப் பையன்கள், பாட்டில்கள், பாட்டுச் சத்தம். மரத்துக்கு ஒரு ஆள் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். வந்த அரைமணி நேரத்துக்குள் என் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் போய் அந்த வரிசையில் நின்றுவிட்டு வந்தார்கள். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுக் கடலில் இறங்கினார்கள். செருப்பு, போன், சாவி, மாற்றுத்துணி எல்லாம் எங்கள் மடிக்கு வந்தன.

மதியம் தாண்டியபோது அக்கா என் கையைப் பிடித்தார். "முடியலம்மா. ரொம்ப நேரமா அடக்கிட்டேன்." அந்தத் தோப்புக்குள் எப்படிப் போவது? நான் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மறைவு கட்டினாலும், சுற்றி நாலு பக்கமும் ஆட்கள், அதில் பாதிப்பேர் கையில் வீடியோ எடுக்கிற போன். மகளை அவள் அப்பாவிடம் விட்டுவிட்டு, சுடுகிற மணலில் அக்காவைக் கூட்டிக்கொண்டு பக்கத்துக் குப்பத்துக்கு நடந்தேன். வலை காயப்போட்டிருந்த முதல் வீட்டு வாசலில் ஒரு அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையிலேயே சூடு இருந்தது.

"இன்னாமா நீங்கோ? லீவு நாளு ஆனா கார் எட்து வந்துர்றீங்கோ. எங்க வூட்டுப் பின்னாலயே குந்திட்டுப் போறீங்கோ. பாட்டில ஒட்ச்சிப் போட்டுட்டுப் போறானுங்கோ, எங்க புள்ளைங்க கால் கிழியுது. கேக்க ஆள் கீதா?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அவரோடு சேர்ந்து கத்த வேண்டும்போல இருந்தது. அதற்குள் அவர் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டார். மீன் சட்டியைத் தள்ளி வைத்தார். "அய்ய, இந்தம்மா மூஞ்சி இன்னா இப்டி கீது? வா, வா, உள்ள வா. பின்னால கீது, தண்ணி மொண்டு வெச்சிருக்கேன்," என்று தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

உள்ளேயிருந்து வரும்போது அக்கா குனிந்தே நடந்தார். எரிச்சலாம், போகவே மாட்டேன் என்கிறதாம், சொட்டுச் சொட்டாக ரத்தமும் கலந்து வருகிறதாம். பின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வெயிலில் அவருக்குக் குளிர் நடுக்கியது. அந்த அம்மா ஒரு சேலையை எடுத்துப் போர்த்திவிட்டார். நான் மணலில் ஓடினேன்.

கடலுக்குள் இடுப்பளவு தண்ணீரில் அண்ணனும் தம்பியும் அலைக்குக் குதித்துக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டேன், கேட்கவில்லை. கையை ஆட்டினேன். போட்டோ எடுக்கத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து அத்தான் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். கடவுளே, அந்த இரண்டு விரல்! துப்பட்டா, செருப்பு, எதையும் பார்க்காமல் முழங்கால் வரை இறங்கிப்போய்க் கத்தினேன். அந்த வருஷம் நான் கடலில் கால் நனைத்தது அவ்வளவுதான்.

திரும்பி வருகிற வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். இளம் டாக்டர் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தார், முதுகில் தட்டியபோது அக்கா அலறினார். சிறுநீரில் தொற்று, காய்ச்சல், உடம்பில் நீரே இல்லை, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார். டிரிப்ஸ் ஏறத் தொடங்கியது.

"கல் இருக்குன்னு தெரியும்தானே? காலையிலேருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

அத்தான்தான் பதில் சொன்னார். தலைமுடியில் இன்னும் மணல் இருந்தது. "கார்ல பெட்டி பெட்டியா தண்ணி இருந்துச்சு டாக்டர். இவங்களா குடிக்கல. எப்பவுமே இப்படித்தான், சொன்னா கேக்க மாட்டாங்க."

நான் சாதாரணமாகவே சத்தமாகப் பேசுகிறவள். ஐந்தாம் வகுப்பு எடுத்து எடுத்துத் தொண்டை அப்படி ஆகிவிட்டது. அன்றைக்கு வந்த சத்தம் எனக்கே புதிது.

"இவங்களா குடிக்கலையா? ஏன் குடிக்கலைன்னு ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களாத்தான்? காலையிலேருந்து நீங்க எத்தனை ஹோட்டல், எத்தனை மரம் போனீங்க? சொல்லுங்க. அக்கா எங்க போவாங்க? நான் கேட்டப்ப சிரிச்ச மூஞ்சி மூணு அனுப்பினீங்கல்ல, அதை இப்ப டாக்டர்கிட்ட காட்டுங்க!"

என் கணவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "ஏய், மெதுவா. இதெல்லாம் இங்க வச்சா பேசுறது? எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வீட்ல பேசினேன், டிவி பாத்தீங்க. குரூப்ல கேட்டேன், கட்டைவிரலைத் தூக்கினீங்க. கார்ல கேட்டேன், பத்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்டாப்னு கிண்டல். வேற எங்க வச்சுதான் பேசணும்? மானம் போகுதா உங்களுக்கு? அந்தம்மா வீட்டு வாசல்ல அக்கா உக்காந்து நடுங்கினாங்களே, அப்ப எங்க போச்சு உங்க மானம்?"

வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப்பார்த்தார்கள். ஒரு பாட்டியம்மா தன் வீட்டு ஆளை முழங்கையால் இடித்து ஏதோ சொன்னார். டாக்டர் என்னை அடக்கவில்லை. அத்தானைப் பார்த்து, "அவங்க சொல்றது சரிதான் சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து எழுதினார். அத்தான் கமிட்டிக் கூட்டத்தில் கணக்கு உதைத்து மாட்டிக்கொண்டவர் மாதிரி தரையைப் பார்த்தார். அக்கா படுத்தபடியே என் துப்பட்டா நுனியைப் பிடித்து இழுத்து, "போதும்மா," என்றார். போதும் என்று சொன்ன வாய் கொஞ்சம் சிரித்தது.

டிரிப்ஸ் முடிந்து, ஊசி போட்டு, மறுநாள் காலையில் தாம்பரத்தில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கண்டிப்பாகக் காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பின் சீட்டில் அக்கா என் தோளில் சாய்ந்திருந்தார். அந்தப் பக்கம் ஜன்னலோரம் மகள். அவள் கடலில் விளையாடியதெல்லாம் கொஞ்ச நேரம்தான், ஆனால் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அத்தான் கார் ஓட்டினார்.  வண்டலூர் சாலையில் அவராகவே ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தி, இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சுத்தமா இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு. போயிட்டு வாங்க," என்றார். இருபது வருஷத்தில் முதல் தடவை. எனக்குக் கோபம் குறையவில்லை. இவ்வளவு சுலபமான வேலைதானா என்று அதிகமாகத்தான் ஆனது.

அக்காவும் நானும் போய்விட்டு வந்தோம். மகள் இறங்கவில்லை, வரவில்லை என்றாள். கார் கிளம்பியதும் என் கணவர் முன் சீட்டிலிருந்து திரும்பி, ஒரு பாட்டிலைத் திறந்து அவளிடம் நீட்டினார்.

"இந்தாடா செல்லம், குடி. நீயும் காலையிலேருந்து ஒண்ணுமே குடிக்கல."

"வேணாம்பா."

"குடிம்மா. எங்க வேணாலும் நிறுத்தறோம். அப்பா சொல்றேன்ல?"

"இல்லப்பா, எனக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்கூல்லயே நான் சாயங்காலம் வரைக்கும் குடிக்க மாட்டேன். அங்க டாய்லெட் கதவு மூடாது." அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. பாடவேளை அட்டவணையைச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "தினம் பாட்டில் காலியாத்தானேடி வருது? நானே பாக்கறேனே."

"கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற செடிக்கு ஊத்திடுவேம்மா," என்றாள். "அப்படியே கொண்டுவந்தா நீ திட்டுவ."